முகூர்த்தத்துக்கு முன் ஒரு பொதுத்தேர்தல்

நீங்கள் வெளிநாடு போயிருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால் நான் புதுச்சேரியைத்தான் சொல்வேன். பாஸ்போர்ட் இல்லாமல் போய், கைதாகாமல் திரும்பிய ஒரே வெளிநாடு அது.

சிவகாசியில் விஷயம் பரவியதும் என் அச்சகத்து ஆட்கள் முதல் எதிர்வீட்டுத் தமிழாசிரியர் வரை எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: “எத்தனை பாட்டில் வாங்கிட்டு வருவீங்க?” மகளுக்குக் கல்யாணத் தேதி குறிக்கப் போகிறேன் ஐயா என்றேன். “அப்ப ரெண்டு கூடவே வாங்குங்க” என்றார் தமிழாசிரியர்.

மாப்பிள்ளை பிரபு சென்னையில் என் மகள் நிவேதாவோடு வேலை பார்க்கிறவர். இரண்டு வீட்டிலும் சம்மதம் சொல்லி மாதங்கள் ஆகிவிட்டன. தேதி மட்டும் நகரவில்லை. போன் செய்தால் மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம், “இங்க ஒரு அரசியல் நெருக்கடி, சம்மந்தி. அது தீரட்டும்” என்பார். புதுச்சேரி ஆட்சி கவிழப்போகிறது போல என்று நான் தினமும் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்சி பாட்டுக்கு இருந்தது. கடைசியில் என் மனைவி செல்வி, தேதி இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்த அழைப்பிதழ் மாதிரியைப் பையில் வைத்து, “தேதியோட வாங்க. இல்லன்னா அங்கனயே இருந்துக்கங்க” என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

இறங்கியதும், சம்மந்தி வீடு இருக்கிற குருசுக்குப்பத்துக்குப் போகிற டெம்போ எது என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று வண்டியைக் காட்டினார்கள். யார் மனதும் புண்படக்கூடாதென்று நான் நான்காவதில் ஏறினேன். அது லாஸ்பேட்டையில் போய் நின்றது. “கடலு கெழக்கால இருக்குது சார், நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?” என்றார் டிரைவர். நியாயமான கேள்வி.

பிரபுவுக்கு போன் செய்தேன். “கவலப்படாதீங்க மாமா, சித்தப்பா வீடு அங்கதான். வந்து கூட்டிட்டுப் போவாரு” என்றார். குரலில் ஏதோ தயக்கம் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. வியர்வை துடைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

சித்தப்பா தட்சிணாமூர்த்தி ஸ்கூட்டரில் வந்தார். ஏகாம்பரத்தின் ஒரே தம்பி. மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியதும் எலக்ட்ரிகல் கடை வைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றியவர். நான் பையை மடியில் சரிசெய்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஒரு பஸ்ஸுக்கும் ஒரு லாரிக்கும் நடுவே புகுந்து போகும்போது தலையை முழுசாகப் பின்னால் திருப்பி, “நீங்களே சொல்லுங்க சம்மந்தி. தலைவர் தப்புப் பண்ணா நடுவுல எறக்க வழி இருக்கணுமா வேணாமா?” என்றார்.

“இருக்கணும், இருக்கணும், முன்னாடி பாருங்க!” என்றேன். அந்த நிமிடத்தில் சிவகாசியை பிரான்சோடு சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாலும் சேர்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

“சிவகாசி சம்மந்தியே சொல்லிட்டாரு!” என்று சிக்னலில் நின்ற மொத்தக் கூட்டத்துக்கும் அறிவித்தார்.

நெருக்கடி என்னவென்று அந்த ஸ்கூட்டர் பயணத்தில்தான் தெரிந்தது. அண்ணன் தம்பி இருவரும் பெத்தாங் கிளப் ஒன்றில் உறுப்பினர்கள். பெத்தாங் என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன குண்டு விளையாட்டு. முதலில் ஒரு சின்ன மரக்குண்டைத் தரையில் வீசுவார்கள். பிறகு இரண்டு அணியும் கனமான இரும்புக் குண்டுகளை அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி வீச வேண்டும். யார் குண்டு கிட்டே இருக்கிறதோ அவருக்குப் புள்ளி. நாம் கோலிக்குண்டோடு விட்டதை இவர்கள் ஓய்வூதியம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

அந்தக் கிளப்புக்கு ஏகாம்பரம் தலைவர். எல்லா உறுப்பினர்களும் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர். மைதானத்து வேப்பமரத்தில் ஒரு கிளை தாழ்ந்து வளர்ந்து, உயரமாக வீசுகிற குண்டைத் தட்டியது. ஒரு காலையில் ஆளைக் கூப்பிட்டு அதை வெட்டிவிட்டார். கமிட்டியைக் கேட்கவில்லை. கமிட்டியின் செயலாளர் தம்பி. கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்து டீ குடிக்கிற நிழல் அந்தக் கிளையின் நிழல். வெயிலில் டீ குடித்த கமிட்டி அன்றே நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டுத் தலைவரை இறக்கிவிட்டது. ‘என்னை ஏற்றியது மொத்த உறுப்பினர்கள், இறக்க நீங்கள் யார்’ என்று தலைவர் இறங்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேச்சில்லை.

“கல்யாணத்துக்கு வருவீங்கல்ல?” என்றேன்.

“அண்ணன் புள்ள கல்யாணம், வராம? ஆனா கிளப்புல தோத்துட்டு, தலையத் தொங்கப் போட்டுக்கினு வந்து பந்தல்ல நிக்க மாட்டேன்” என்றார். அண்ணன் வீட்டுத் தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். “எறங்குங்க. இதுக்கு மேல எல்லை.”

ஏகாம்பரம் வாசலிலேயே நின்றிருந்தார். “மொதல்ல அங்க போயிட்டு வந்தீங்களா? நடுவுல எறக்கலாம்னு தீர்ப்பு வேற சொன்னீங்களாமே.” நான் ஸ்கூட்டரில் வந்ததைவிடச் செய்தி வேகமாக வந்திருந்தது. மகள் வாழ்க்கைக்கு நான் செய்த முதல் சேவை, டெம்போ மாறி ஏறியது.

காப்பாற்றியது அவர் மனைவி கலாவதி. தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடுகிறது. “மனுஷன் பயணத்துல வந்திருக்காரு, சாப்பிட வுடுங்க” என்று உள்ளே அழைத்துப் போனார். மதாம் பிறப்பாலேயே பிரெஞ்சுக் குடிமகள். அவரைக் கட்டிக்கொண்டதால் ஏகாம்பரமும் பிரெஞ்சுக்காரர் ஆனார். “எனக்கு சீதனமா வந்தது பாஸ்போர்ட்டு” என்று அவரே சிரிக்கிறார். பாரிஸ் பக்கம் ரயில் பெட்டி பழுதுபார்த்துவிட்டு, ஓய்வு பெற்று, இங்கே வந்து வஞ்சிரம் தின்கிறார். ஒரே வீட்டில் பிறந்த தம்பி இந்தியர். அண்ணன் இந்த ஊரிலிருந்தே துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்று பிரான்சின் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறார். தம்பி விரலில் மை வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ.வுக்குப் போடுகிறார். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு கட்சியில் இருப்பார்கள். இங்கே இரண்டு நாட்டில் இருக்கிறார்கள்.

தட்டில் நீளமான ரொட்டித் துண்டுகளும் ஆட்டுக்கறிக் குழம்பும் வந்தன. என் கண் சோற்றைத் தேடுவதை மதாம் பார்த்துவிட்டார். “சோறும் இருக்குது, பயப்படாதீங்க.” ஆனால் அந்த ரொட்டியின் மேல்தோல் மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே பஞ்சு மாதிரி குழம்பை இழுத்துக்கொண்டதும் நான் சோற்றை மறந்தேன். எங்கள் ஊர் எண்ணெய்ப் புரோட்டாவுக்கு நான் இழைத்த முதல் துரோகம் அது. இரண்டாவது துரோகம் மறுநாள் காலை நடந்தது, மீன் குழம்போடு.

சாப்பிட்டு முடித்ததும் ஏகாம்பரம் மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “நீங்க குடிமையியல் புத்தகமெல்லாம் போடுறவரு. சொல்லுங்க, ஜனாதிபதி ஆட்சி ஒசத்தியா, பார்லிமென்ட் ஆட்சி ஒசத்தியா?”

நான் போடுவது பள்ளிக்கூட கைடு. அதில் ‘வேறுபடுத்துக’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று உண்டு. நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஜனாதிபதி முறை, வலப்பக்கம் நாடாளுமன்ற முறை. அதை அச்சடித்து அச்சடித்து எனக்குப் பாராமல் ஒப்பிக்க வரும். அதற்கு மேல் ஒரு வரியும் தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்: ஜனாதிபதியை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், அவருக்கு நிலையான பதவிக்காலம், சபை அவரை நினைத்தபோது இறக்க முடியாது. பிரதமரைச் சபையின் பெரும்பான்மை தாங்குகிறது. அது போனால் அவரும் போவார். “முதல் வகைக்கு உதாரணம் அமெரிக்கா, பிரான்சு” என்று கம்பீரமாக முடித்தேன்.

“பிரான்சா?” என்றார் ஏகாம்பரம். “எங்களுக்குப் பிரதமரும் உண்டே. ஜனாதிபதிய ஜனங்க நேரா தேர்ந்தெடுப்பாங்க. அவரு பிரதமர நியமிப்பாரு. சபை நெனச்சா பிரதமரக் கவுத்துடலாம், ஜனாதிபதியக் கவுக்க முடியாது. இது ஒங்க கோட்டுக்கு எந்தப் பக்கம்?”

என் கோட்டுக்கு இரண்டு பக்கம்தான் உண்டு. எத்தனையோ பிள்ளைகள் அந்த இரண்டு பக்கத்தை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். நான் ஒரே கேள்வியில் பெயில். “ரசம் அருமைங்க” என்றேன். ரசம் பரிமாறியிருக்கவில்லை.

அவரிடமும் கல்யாணத்தைக் கேட்டேன். “தம்பி பந்தல்ல நிக்காம என் புள்ளக்கித் தாலி கட்ட வுட மாட்டேன்” என்றார். நிம்மதியாக மூச்சு விட்டேன். “ஆனா கிளப்புல என்னத் தோக்கடிச்சிட்டு அவன் வந்து நின்னா, நான் நிக்க மாட்டேன்.” விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். ஆக, யார் தோற்றாலும் கல்யாணம் நின்றது.

மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனோம். கடல் காற்றில் கருவாட்டு வாசனை. வெட்டுப்பட்ட வேப்பமரம், ஒரு கை இல்லாத சாட்சி மாதிரி நின்றுகொண்டிருந்தது. கமிட்டி ஆட்கள் வெயிலில் உட்கார்ந்து, வேண்டுமென்றே தலையில் துண்டு போட்டுக்கொண்டு டீ குடித்தார்கள். இதைவிடச் சிறந்த எதிர்க்கட்சியை நான் எங்கும் பார்த்ததில்லை.

என்னையும் ஒரு குண்டு வீசச் சொன்னார்கள். அது மரக்குண்டின் பக்கம் போகாமல் டீ கிளாஸ் பக்கம் போனது. ஒரு பெரியவர் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். கூட வந்திருந்த மதாமைப் பார்த்தேன்; அவரும் கிளப்பில் உறுப்பினர். “மொத தடவைக்கு நல்லா இருக்குதுன்னு சொல்றாரு” என்றார். பின்னால் பிரபு சொல்லித் தெரிந்தது: ‘இந்த ஆளுக்குக் குண்டைக் கொடுத்ததற்குக் கொடுத்தவனை உதைக்கணும்’ என்பதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

அந்தக் கிளப்பில் சண்டை இல்லாத ஒரே அதிகாரம் ஜமால் பாய்க்குத்தான். பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறவர். எந்தக் குண்டு கிட்டே என்று தகராறு வந்தால் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்போடு வந்து குந்துவார். அவர் சொன்னால் சொன்னதுதான். அன்று அண்ணன் அணியும் தம்பி அணியும் ஆடின. எல்லாக் குண்டும் வீசி முடித்த பிறகு, மரக்குண்டுக்கு இந்தப் பக்கம் அண்ணன் குண்டு, அந்தப் பக்கம் தம்பி குண்டு. பாய் அளந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்ப அளந்தார்.

“ஒரே தூரம். செல்லாது. மறுபடி ஆடுங்க.”

இரண்டு பேரும் வாய் திறக்காமல் குண்டுகளைப் பொறுக்கினார்கள். ஒரு கிளைக்காக அரசாங்கத்தையே கவிழ்த்தவர்களா இவர்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் பாய் என்னைத் தனியாக அழைத்துப் போனார். “நாளக்கி ஓட்டெடுப்பு. தலைவர எல்லா மெம்பரும் நேரா தேர்ந்தெடுக்கிறதா, கமிட்டி தேர்ந்தெடுக்கிறதா, ஒரு முடிவு பண்ணிடணும். நேரடின்னா பெரியவரு ஜெயிச்சாரு, கமிட்டின்னா சின்னவரு. நீங்கதான் தேர்தல் அதிகாரி.”

“நானா? ஏன்?”

“ரெண்டு தரப்பும் ஒத்துக்கின ஒரே ஆளு நீங்கதான் சம்மந்தி. ரெண்டு பேருக்குமே ஒங்க மேல ஒரே அளவு சந்தேகம்.”

“சமமா வந்தா?”

“வராது, மெம்பருங்க ஒத்தப்படை. அப்பிடி வந்தா நீங்க ஒரு ஓட்டுப் போட்டு முடிச்சிடுங்க. சின்ன விஷயம்.”

கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து செல்விக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “கல்யாணத் தேதி வாங்கிட்டு வரச்சொன்னா தேர்தல் தேதி வாங்கி வச்சிருக்கீங்க. உங்களையெல்லாம் தனியா அனுப்புனது என் தப்பு.” பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி கடலைப் பார்த்துக் கண்மூடி அமைதியாக இருந்தார். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு ஓட்டுப்பெட்டி தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாக்குப்பதிவு. பிரபுவும் சென்னையிலிருந்து வந்துவிட்டார். எந்த முறையில் ஓட்டுப் போடுவது என்பதற்கே முன்பு ஒரு சண்டை நடந்து, இரண்டு நாட்டையும் கலந்து சமாதானம் ஆகியிருந்தார்கள். பிரெஞ்சு வழக்கப்படி ‘நேரடி’ என்று ஒரு சீட்டு, ‘கமிட்டி’ என்று ஒரு சீட்டு, கூடவே ஒரு கவர். இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு துணி மறைப்புக்குள் போக வேண்டும். ஒன்றைக் கவருக்குள் வைத்து, மற்றதை மடியில் மறைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். கவரைப் பெட்டியில் போட்டதும் ஏகாம்பரத்தின் தோழர்கள் பிரெஞ்சில் “ஓட்டுப் போட்டாச்சு!” என்று கூவுவார்கள். உடனே தட்சிணாமூர்த்தியின் ஆட்கள் இந்திய வழக்கப்படி விரலைப் பிடித்து இழுத்து மை வைப்பார்கள். மை, ஜமால் பாய் கடைக்கு எதிர்க்கடையில் வாங்கிய நகப்பூச்சு. மீசை வைத்த பெரியவர்கள் எல்லோரும் ரோஜா நிற விரலோடு திரிந்தார்கள்.

பிறகு எண்ண உட்கார்ந்தேன். ‘நேரடி’ ஒரு பக்கம், ‘கமிட்டி’ ஒரு பக்கம் என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். கடைசிக் கவரைப் பிரித்தபோது இரண்டு அடுக்கும் சமமாக இருந்தன. கவருக்குள் விரலை விட்டேன். கவிழ்த்து உதறினேன். ஒன்றும் இல்லை. யாரோ வெறும் கவரைப் போட்டிருந்தார்கள்.

“சமம்” என்றேன்.

மொத்தக் கிளப்பும் என்னைப் பார்த்தது. இந்தப் பக்கம் ஏகாம்பரம், கையைக் கட்டிக்கொண்டு. அந்தப் பக்கம் தட்சிணாமூர்த்தி, தலையில் துண்டோடு. ‘நேரடி’ என்றால் சித்தப்பா இல்லாத கல்யாணம். சித்தப்பா இல்லையென்றால் கல்யாணமே இல்லை. ‘கமிட்டி’ என்றால் மாப்பிள்ளையின் அப்பாவே பந்தலில் நிற்க மாட்டார். மயங்கி விழலாமா என்று தீவிரமாக யோசித்தேன். விழுவதற்கு நிழல் தேடினேன். கிளை இல்லை. கண்ணில் பட்டது ஜமால் பாயின் கழுத்து டேப்.

“பாய்” என்றேன். “ரெண்டு குண்டும் ஒரே தூரத்துல நின்னா என்ன?”

“செல்லாது. மறுபடி ஆடணும்” என்றார், யோசிக்காமல்.

“அதுவரைக்கும் புள்ளிக்கணக்கு?”

“இருந்தபடியே இருக்கும்.”

“ஆட்டக்காரங்க?”

“அதே ஆளுங்கதான். நடுவுல ஆள மாத்த முடியாது.”

“அப்ப நான் அதே தீர்ப்புத்தான் சொல்றேன்” என்றேன். வார்த்தைகள் என்னை முந்திக்கொண்டு ஓடின. “இந்த ஓட்டு செல்லாது. அடுத்த வருசம் மறுபடி வைங்க. அதுவரைக்கும் இருந்தபடியே இருக்கட்டும். நேரா தேர்ந்தெடுத்த தலைவர் தலைவரா இருப்பாரு, கமிட்டி அவர இறக்க முடியாது. அதே மாதிரி கமிட்டியக் கேக்காம தலைவர் ஒரு இலையக்கூடக் கிள்ளக்கூடாது.”

ஏகாம்பரம் வாய்க்குள் பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தார்.

“இன்னா சொல்றான்?” என்றார் தட்சிணாமூர்த்தி, யாரையும் பார்க்காமல்.

மதாமும் பிரபுவும் வேண்டுமென்றே மொழிபெயர்க்கவில்லை. வேறு வழியில்லாமல் ஏகாம்பரமே தம்பியைப் பார்த்துச் சொன்னார்: “எங்க நாட்டுல எப்பவாவது ஜனாதிபதி ஒரு கட்சியாவும், பிரதமரு எதிர்க்கட்சியாவும் ஆயிடும்டா. அஞ்சு வருஷம் ரெண்டு பேரும் முறைச்சுக்கினே ஒண்ணா குடித்தனம் பண்ணணும். அதுக்குப் பேருதான் நான் சொன்னது.”

“இதுக்குப் போயி பிரெஞ்சுல ஒரு பேரா?” என்றார் தம்பி. “நீயும் நானும் ஒரே பாயில படுத்து வளந்தோமே, அது இன்னா? எப்பப் பாரு போர்வய நீதான இழுத்துக்குவ?”

“நீ ஒதைப்ப, அதான் இழுத்தேன்.”

“நீ இழுத்த, அதான் ஒதச்சேன்!”

கிளப்பே சிரித்தது. வேப்பமரத்துக்கு வாய் இருந்தால் அதுவும் சிரித்திருக்கும். நான் மட்டும் சிரிக்கவில்லை; பையிலிருந்து அழைப்பிதழ் மாதிரியை உருவி, இருவருக்கும் நடுவே நீட்டினேன். இந்தத் தருணம் போனால் அடுத்த பொதுத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டும். பிரபு தயாராகக் காலண்டரோடு நின்றார். ஐப்பசியா தையா என்று அண்ணனும் தம்பியும் மறுபடி கத்த ஆரம்பித்தார்கள். ஆனால் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தினார்கள். தை முகூர்த்தம் வென்றது.

மதியம் மதாம் வீட்டில் தம்பி குடும்பம் உட்பட எல்லோருக்கும் சாப்பாடு. என் சாப்பாட்டு மேசை ஆடியது. மதாம் இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து மடித்து, மேசைக்காலின் கீழ் வைத்தார். குனிந்து பார்த்தேன். ஒன்றில் ‘நேரடி’, இன்னொன்றில் ‘கமிட்டி’. இரண்டு சீட்டும் அவரிடமே இருந்தன.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். ரோஜா நிற விரலால் எனக்கு மீன் வைத்துக்கொண்டிருந்தார்.

“எத உள்ள போட்டாலும் ஒருத்தர் இங்க சாப்பிட வந்திருக்க மாட்டாரு” என்றார் மெதுவாக. “முள்ளு பாத்துச் சாப்பிடுங்க.”

மேசை அதற்குப் பிறகு ஆடவில்லை.

திரும்பும்போது சரியான டெம்போவில் ஏறினேன். ஏகாம்பரமே கைபிடித்து ஏற்றிவிட்டார். பஸ் விழுப்புரம் தாண்டுவதற்குள் போன். தட்சிணாமூர்த்தி. “சம்மந்தி, பத்திரிகையில எங்கண்ணன் பேரும் எம்பேரும் எப்பிடி வருது?”

“ஒரே வரியில, பக்கத்துப் பக்கத்துல. நடுவுல ஒரு பூ படம்.”

“எழுத்து?”

“ஒரே அளவு.”

கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரம். அதே கேள்வி, அதே பதில். “சரியா இருக்குதே” என்று வைத்துவிட்டார். செல்விக்குச் சொல்லலாம் என்று எடுக்கும்போது மூன்றாவது போன்.

ஜமால் பாய். “அச்சடிச்சதும் மொதப் பிரதிய என் கடைக்கு அனுப்பிடுங்க சம்மந்தி. பூ படத்துலேர்ந்து ரெண்டு பேரும் எவ்ளோ தூரம்னு நான் அளந்து சொன்ன பொறவு மத்தது அடிங்க.”